'சரி'க்குத் தடை

விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் வழி சொல்லும் அலுவலர்கள் இனி 'சரி' என்ற சொல்லை உச்சரிக்கலாகாது என்று மேலிடம் உத்தரவிட்டது. காரணம் நியாயமானதுதான். சொந்த விமானம் வைத்திருந்த ஒருவர், "உங்க எல்லைக்குள்ள குறுக்கே போகலாமா?" என்று கேட்டார். "சரி" என்றார் அலுவலர், காதில் விழுந்தது என்ற அர்த்தத்தில். கேட்டவரோ அனுமதி கிடைத்ததாக நினைத்து ஒரு பெரிய விமானத்தின் மூக்குக்கு முன்னால் போய்விட்டார்.

உடனே குழு கூடியது. அனுமதி என்று தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய சொற்களெல்லாம் ஒழிக்கப்பட்டன. 'ம்' போயிற்று, 'ஆகட்டும்' போயிற்று, 'வாங்க'வும் போயிற்று. 'அனுமதி' என்ற சொல்லே அனுமதி மாதிரி ஒலிப்பதாக ஓர் உறுப்பினர் கண்டுபிடித்தார். அதையும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒரு பல் டாக்டர் மனைவியோடு தம் குட்டி விமானத்தில் வந்து, எல்லைக்கு வெளியே வட்டமடித்தபடி கேட்டார்.

"குறுக்கே போகலாமா சார்?"

"நீங்க கேட்டது கேட்டுச்சு சார்."

"போகலாமா?"

"கேட்டுச்சு சார்."

பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. சுற்றிப் போனால் நடுவழியில் ஏதாவது வயலில் விழ வேண்டியதுதான். மனைவி மைக்கைப் பிடுங்கினார்.

"தம்பி, கூடாதுன்னாவது சொல்லித் தொலைங்க!"

"மறுக்கணும்னா மேலதிகாரி உத்தரவு வேணும்க்கா. அவர் பயிற்சிக்குப் போயிருக்கார்."

"என்ன பயிற்சி?"

"தெளிவாப் பேசுற பயிற்சி."

"பெட்ரோல் தீந்துக்கிட்டிருக்குப்பா. நாங்க விழுந்துட்டா?"

"வருத்தம் தெரிவிக்க எனக்கு அதிகாரம் இருக்குக்கா."

"நாங்க வரோம்" என்று சொல்லி அந்த அம்மாள் மைக்கை வைத்துவிட்டார். மனைவியே சொன்ன பிறகு டாக்டர் வேறு யாரைக் கேட்பது? குறுக்கே பறந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார்கள்.

அனுமதி யாருக்கும் தரப்படாததால் குறுக்கே யாரும் போகவில்லை என்று இலாகா அறிவித்தது. பாதுகாப்பு விருதையும் தனக்கே கொடுத்துக்கொண்டது. சொந்த விமானக்காரர்கள் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை.

நேற்று நான் பயணம் செய்த பெரிய விமானத்தை ஒட்டினாற்போல் ஒரு குட்டி விமானம் போயிற்று. இத்தனை பேர் இருந்தோமே, பதறியவர் ஒருவருமில்லை. ஜன்னலோரம் முண்டியடித்துப் படம் எடுத்தோம். அதை ஓட்டியவரும் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும்.