மூன்றாவது பெஞ்சில் இடப்புறம் இறங்கவும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புவதும் முறை. அதை மனதார விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் அளவுக்காவது உங்களுக்குத் தெம்பு இருந்தாக வேண்டும். விஷயம் இதுதான். உங்கள் தங்கை என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. காபி மேசைக்கு வருகிறது, டம்ளர் சற்றுச் சத்தமாக வைக்கப்படுகிறது, அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. முப்பத்தொரு வருடம் நான் கட்டிக் காத்த நல்ல பெயர் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் போய்விட்டது. அதைத் திருப்பித் தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், காரணம் அதைக் கெடுத்தவரும் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்கவும்.

எல்லாம் என் மகளால் வந்தது. ரிடையர் ஆன பிறகு நான் வீட்டில் ஓயாமல் பேசுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. அதற்கு மருந்தாக அவள் ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்தாள். ‘பேருந்தில் வாருங்கள், நடந்து மகிழுங்கள்’ என்று மேலே பச்சை எழுத்து. எங்கே என்று பார்த்தால், நாம் இருவரும் வேலை பார்த்த அதே நிலக்கரிச் சுரங்கம். மூடி, மண் நிரப்பி, மரம் நட்டு, பூங்கா ஆக்கியிருக்கிறார்களாம். எனக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் இஷ்டமில்லை. பம்ப் ஆபரேட்டராக இருந்து அந்தக் குழியில் ஊறிய தண்ணீரையெல்லாம் ராத்திரி ராத்திரியாக இறைத்து வெளியே கொட்டியவன் நான். நான் வெளியே வந்ததும் பம்பை நிறுத்தி, தண்ணீரை ஊறவிட்டு, அதற்கு ஏரி என்று பெயர் வைத்துப் படகு விடுகிறார்கள். இதுதான் யோசனை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வந்து, “முப்பத்தொரு வருஷமா காதால கேட்டாச்சு, ஒரு தடவை கண்ணால பார்த்துடறேனே,” என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது, கிளம்பினோம்.

மகள் எனக்கு நடைப்பயணக் காலணி என்று ஒன்றும், ஊன்றிக்கொள்ள இரண்டு கம்பும் வாங்கித் தந்திருந்தாள். உங்கள் தங்கை கறிகாய்க் கடைக்குப் போகும் அதே செருப்போடு வந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் ஒரு கம்பு ஜன்னலோரம் இருந்த தையல்காரரின் பையில் குத்திவிட்டது, மற்றது மணிக்கயிற்றில் மாட்டி வண்டி நிற்காத இடத்தில் எல்லாம் நின்றது. கண்டக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் தங்கையைப் பார்த்து, “அம்மா, கம்பை நீங்க வச்சுக்குங்க, அவரை நான் பார்த்துக்கறேன்,” என்றார். இரண்டாவது பஸ்ஸில் நான் கம்பீரமாக ‘மெயின் கேட்’ இரண்டு டிக்கெட் கேட்டேன். அப்படி ஒரு நிறுத்தமே இல்லை என்றார் அந்தக் கண்டக்டர். நான் இந்த வழியில் பஸ்ஸே இல்லாத காலத்திலிருந்து போகிறவன் என்றேன். அவர் வாதாடவில்லை. மெயின் கேட்டுக்கு இப்போது ‘ஏரிக்கரை’ என்று பெயராம், நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தார் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். நடைப்பயணம் தொடங்கும் இடத்தை அடைவதற்குள் எனக்குக் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். துண்டுத்தாளில் வழி இப்படிப் போட்டிருந்தது: ‘நேராக நடக்கவும். மூன்றாவது பெஞ்சில் இடப்புறம் இறங்கவும். பத்து நிமிடத்தில் பேருந்து நிறுத்தம்.’ உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் நீங்கள் சாட்சி சொல்லப் போகிறவர் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். நம் சுரங்கத்தில் குழியைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்குவோம், ஒவ்வொரு படியும் ஒரு தெரு அகலம் இருக்கும், அந்தப் படிக்குத்தான் பெஞ்ச் என்று பெயர். என் பம்ப் அறை இருந்தது மூன்றாவது பெஞ்சில். துண்டுத்தாளைப் படித்ததும், அட, விவரம் தெரிந்த ஆள் யாரோ எழுதியிருக்கிறான் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வழியில் ஜனங்கள் உட்காருவதற்குப் பலகை ஆசனங்கள் போட்டிருந்தார்கள். ஒன்றைக் கடந்தோம், இரண்டைக் கடந்தோம், இன்னொன்றில் உங்கள் தங்கை உட்கார்ந்து செருப்பில் புகுந்த கல்லைத் தட்டினாள். “இதானே மூணாவது பெஞ்ச்?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. “இது உட்கார்ற பெஞ்ச். நான் சொல்றது சுரங்க பெஞ்ச். நீ பேசாம என் பின்னாடி வா,” என்று சொல்லி, கயிறு கட்டியிருந்த இடத்தில் கயிற்றைத் தூக்கிப் பிடித்து அவளைக் குனிந்து வரச் சொல்லி, சரிவில் இறக்கினேன். ஒன்று, இரண்டு என்று படியை எண்ணிக்கொண்டே போனேன். முள், ஈர மண், நட்டு இரண்டு வருடம்கூட ஆகாத மரங்கள். கம்பு ஒன்று புதைந்துவிட்டது, எடுக்க முடியவில்லை. ஆனால் மச்சான், கணக்குத் தப்பவில்லை. மூன்றாவது பெஞ்சில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். காலடியில் தண்ணீர், பக்கத்தில் என் பம்ப் அறை. வெள்ளை அடித்து, கதவுக்கு நீலச் சாயம் பூசி, படகுச் சீட்டு கொடுக்கும் இடமாக வைத்திருக்கிறார்கள். கையை நீட்டி, “இதோ, இதுதான்,” என்று உங்கள் தங்கையிடம் காட்டினேன். அவளும் சும்மா பார்க்கவில்லை, நன்றாகவே பார்த்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பூங்காக் காவல் வேலையில் இருக்கும் ஒரு பெண் சீருடையோடு ஓடிவந்து, கயிற்றைத் தாண்டி ஏன் வந்தீர்கள் என்று அதட்ட வாயெடுத்தது. என் முகத்தைப் பார்த்ததும் அதட்டல் நின்றுவிட்டது. “சார், நீங்க... தூங்கற சார் தானே?” என்றது. யார் என்றேன். “போர்டுல இருக்கீங்களே சார். ஸ்கூல் பிள்ளைங்க வந்தா முதல்ல உங்ககிட்டதான் ஓடும்,” என்று சந்தோஷமாக எங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் ஒரு புகைப்படம். பம்ப் அறைக்குள் மரப் பெஞ்சில், மழைக்கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஒருவர் உறங்குகிறார். தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டுகிறது. கீழே கொட்டை எழுத்தில்: ‘இரவுப் பணியில் ஒரு பம்ப் இயக்குநர். நம் சுரங்கம் ஒருநாளும் உறங்கியதில்லை.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில்: ‘படம்: நிறுவனப் புகைப்படக்காரர்.’ நிறுவனத்தில் இருந்தது ஒரே புகைப்படக்காரர், அது நீங்கள். அன்று நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள் என்பதே எனக்கு இந்தச் சனிக்கிழமைதான் தெரியும். சொந்த மச்சான், ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் பகல் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் கண் இமைக்காமல் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்பதால், நான் காலையில் வந்து படுத்தால் அந்த வீட்டில் ஊசி விழாது. குக்கர் விசில் நான் வருவதற்கு முன்பே அடங்கிவிடும். பிள்ளைகள் சைகையில் சண்டை போட்டு வளர்ந்தார்கள், மகள் இன்றைக்கும் போனில் கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள். விருந்தாளி வந்தால் வாசலோடு சரி. அத்தனையும் எதற்காக என்பது ஆள் உயரத்துக்கு எதிரே நிற்கிறது. நான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கள் தங்கை போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கட்டம் போட்ட போர்வை. காணாமல் போய்விட்டது என்று மாடி வீட்டு அம்மாவைச் சந்தேகப்பட்டு, அந்த அம்மாவோடு பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாளே, அதே போர்வை. கடைசியில், “நான் மூணாவது பெஞ்சுலதான் இருந்தேன், அதுல பொய் இல்லையே,” என்றேன். அவள் திரும்பி, “பெஞ்சுல இருந்தேன்னு சொன்னீங்க. படுத்திருந்தேன்னு சொல்லலையே,” என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம்.

நாலு பத்து பஸ் போய்விட்டது, அடுத்தது ஆறு ஐந்துக்கு. மறுபடி மேலே ஏறி அந்தப் பலகை ஆசனத்தில் உட்கார்ந்தோம். அதன் முதுகில் ஒரு தகடு, அதில் 3 என்று எழுதியிருந்தது. இடப்புறம் படிக்கட்டு, படிக்கட்டின் கீழே பஸ் நிறுத்தம். நான் தகட்டைப் பார்க்காதது போல இருந்தேன், அவள் பார்த்துவிட்டதைச் சொல்லாமல் இருந்தாள். திரும்பி வரும்போது இரண்டு பஸ்ஸிலும் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, ஆனால் வீடு வரும்வரை மூடவே இல்லை.

ஆகவே மச்சான், நீங்கள் உடனே உங்கள் தங்கைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தபால் கண்டதும் தாமதம் வேண்டாம். வாசகம் நானே தருகிறேன்: அந்தப் படம் நீங்கள் சொல்லி நான் நடித்துக் கொடுத்தது, சுரங்க ஆண்டு மலருக்கு ஓய்வெடுக்கும் தொழிலாளி படம் ஒன்று தேவைப்பட்டது, வேறு ஆள் கிடைக்கவில்லை. போர்வையும் உங்கள் ஏற்பாடு. வாய் திறந்திருப்பதற்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நீங்கள் கலைஞர், ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் நம்புகிறாளோ இல்லையோ, மறுபடி என்னோடு பேசினால் போதும். உண்மையைச் சொன்னால், இந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருடமாகப் பேசிப் பழகிவிட்டேன், கேட்க ஆள் இல்லாவிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி,

உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கொப்புளத்தால் நடக்க முடியவில்லை. தபால் பெட்டியில் போட உங்கள் தங்கையிடமே கொடுத்தனுப்புகிறேன். பயப்பட வேண்டாம், உறையை ஒட்டித்தான் தருகிறேன்.

மறு பி.கு.: அண்ணா, பசை சரியாக ஒட்டவில்லை. படித்துவிட்டேன். பூங்காக்காரர்கள் பழைய படம் கேட்கிறார்கள், இதைக் கொடுக்கட்டுமா என்று கேட்டீர்களே, கொடுத்தது நல்லதாயிற்று, பலகையில் லட்சணமாக இருக்கிறார். அன்று படத்தைக் கழுவிக் கொண்டுவந்து நீங்கள் காட்டியபோது, அவர் எழுந்துவிடுவார் என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்பே எனக்குத் தெரியும். தினமும் காலையில் பெஞ்சுப் பலகையின் கோடு கன்னத்தில் பதிந்துதான் வீட்டுக்கு வருவார். குளிருக்கு எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அந்தப் போர்வையைக் கதவு ஆணியில் மாட்டி வைத்ததே நான்தான். மாடி வீட்டு அம்மாவுக்கு என்மேல் கோபம் வந்தது ஒரு சௌகரியம், பகலில் வந்து பேசுவதை விட்டுவிட்டார்கள். அவர் தூங்குகிறார் என்று சொல்லித்தான், அண்ணா, இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பகல் கிடைத்தது. அவர் ரிடையர் ஆனதும் அது போய்விட்டது. மூன்றாவது பெஞ்ச் எது என்பதும் தெரியும், அதில் உட்கார்ந்துதானே கல்லைத் தட்டினேன். அவர் வேலை பார்த்த இடத்தை அவரே காட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அதனால் பின்னாலேயே இறங்கினேன். கேட்டபடியே எழுதிவிடுங்கள், வாய்க்கும் ஏதாவது காரணம் போடுங்கள், நான் நம்பிவிடுகிறேன். ஆனால் உடனே வேண்டாம். நாலு நாளாக வீடு பழையபடி அமைதியாக இருக்கிறது. ஒரு பதினைந்து நாள் கழித்துப் போடுங்கள்.