அவசரகாலச் சோற்றின் திறப்பு விழா

அந்தோனியார் ஆணை, லூர்து மாதா ஆணை, இன்னும் ஆர் மேலை வேணுமெண்டாலும் ஆணையிட்டுத் தாறன்: இதிலே ஒரு சொல்லும் புளுகில்லை.

யுத்தம் வந்தால் சமாளிக்க, வீட்டுக்கு வீடு மூன்று நாளைக்குத் தண்ணியும் சாப்பாடும் சேர்த்து வைக்கும்படி டென்மார்க் அரசாங்கம் சொன்னது. மற்றச் சனம் கடைக்குப் போனது. ஒடென்சே நகரத் தமிழர் கூட்டம் வைத்தார்கள். ‘உள்நாட்டுப் போர்முனைப் பேரவை’ உதயமானது. தலைவர் மரியரட்ணம். மிச்சப் பேர் எல்லாரும் உப தலைவர்கள். ஒருவரையும் நோகடிக்கக் கூடாதல்லவா?

மரியரட்ணத்துக்குத் தகுதி இருந்தது. மகள் அஜந்தினி விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறாள். அவரோ காற்றடித்தால் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளுகிறவர்.

“பிள்ளை வானத்தைக் காக்கட்டும், நான் தரையைப் பாக்கிறன்,” என்றார்.

மகள் பால்டிக் கடல் பக்கம் காவல் பறப்புக்குப் போக இருந்தாள். “நீங்கள் மூண்டு நாள் சமாளிப்பியள் எண்டு கண்ணால கண்டாத்தான் போவன் அப்பா. இல்லாட்டி வேற ஆளை அனுப்பச் சொல்லுவன்.” தலைவருக்கு நித்திரை போனது. அவளுக்குப் பதிலாக வேறொருத்தன் பறந்தால் கோயில் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது?

ஆகவே மண்டபத்தில் அரிசி, பருப்பு, தகரத்தில் அடைத்த ரின்மீன், தண்ணிப் போத்தல் எல்லாம் அடுக்கித் திறப்பு விழா அறிவித்தார். பிரதம விருந்தினர் மகள்.

“பசிக்குத் திறக்கிற சாமானுக்கு ஏனப்பா விழா?” மனைவி மாக்கிரட் கேட்டாள்.

“விழா வைக்காமல் ஒரு சாமானைத் திறக்கலாமோ?”

விழாவுக்கு ஐம்பது பேருக்குத்தான் சமைத்திருந்தார்கள்; இருநூறு பேர் வந்ததில் அது முதல் பந்தியோடு முடிந்தது. மகளின் ரயில் தாமதம். உப தலைவர்கள் ஒவ்வொருவராக வரவேற்புரை ஆற்றினார்கள். மைக்கின் பற்றரி தீர்ந்தது; அவசரகால வானொலியின் பற்றரியைக் கழற்றிப் போட்டு மேலும் ஆற்றினார்கள். பிள்ளைகள் பசியில் கத்தத் தொடங்கின. மேடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது.

“தலைவர், பசி அவசரமோ இல்லையோ?” என்றார் உப தலைவர் செல்வரட்ணம்.

“அவசரந்தான். ஆனால் யுத்தம் வரயில்லையே!”

“அது வாற வரைக்கும் சனம் உயிரோட இருக்க வேணுமல்லோ?”

மறுக்க முடியாத நியாயம். சாப்பாட்டுத் தேவைக்கு மட்டும் யுத்தம் தொடங்கிவிட்டதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குசினி அடுப்பில் அண்டா ஏறியது. மூன்று நாள் யுத்தம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

அப்போதுதான் சீருடையோடு அஜந்தினி உள்ளே வந்தாள். “அப்பா, சாமான் எங்கை?”

“ஒத்திகை பிள்ளை,” என்றார் தலைவர், மீசையில் மீன்குழம்போடு. “வெற்றிகரமா முடிஞ்சுது.”

மகள் தொப்பியைக் கழற்றினாள். “அப்ப நான் போகயில்லை.”

மரியரட்ணம் கதிரையில் தொப்பென்று இருந்தார். மாக்கிரட் எழும்பினாள்.

“நீ போ பிள்ளை. மூண்டு நாளைக்கில்லை, மூண்டு கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, வீட்டில என்ரை கட்டிலுக்குக் கீழ வைச்சிருக்கிறன். தலைவருக்குத்தான் சொல்லயில்லை.”

அஜந்தினி தொப்பியைப் போட்டுக்கொண்டு தாய்க்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். “நிம்மதியாப் போறன் அம்மா.”

மண்டபம் கைதட்டியது. பிறகு இருநூறு பேரும் மெல்லத் திரும்பி மாக்கிரட்டைப் பார்த்தார்கள்.

“அக்கா,” என்றார் செல்வரட்ணம், “வீடு கிட்டத்தானே? அதுக்கும் ஒரு திறப்பு விழா வைக்க வேணுமல்லோ?”

சொன்னது நானெண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. அந்த விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்திருக்கு.