சும்மா உட்கார ஒரு வேலி

“என்னக்கா, தனியா உக்காந்திருக்கீங்க? வீட்ல சண்டையா?”

நாற்றுக் கட்டோடு வாய்க்கால் கரையில் போன ராஜாத்தி நின்று கேட்டாள்.

“இல்லடி. சும்மாத்தான்.”

“சும்மா யாராவது உக்காருவாங்களா? உடம்பு முடியலையா? என்ன யோசனை?”

அம்சவல்லி துவைகல்லிலிருந்து எழுந்து உள்ளே போனாள். இவளுக்கு முன்னால் போனவர்களும் இதையேதான் கேட்டிருந்தார்கள்.

வாசல் பக்கம் அவள் கணவர் இராஜாங்கத்துக்குச் சொந்தம். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். குத்தகைத் தகராறு, மனைக்கட்டுத் தகராறு, வரப்பை வெட்டிய தகராறு என்று விடிந்ததிலிருந்து பெஞ்சு நிறைய ஆட்கள். எந்தப் பண்ணையாரையும் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கக்கூடியவர் என்று வலங்கைமான் வட்டாரத்தில் பெயர். அம்சவல்லி கேட்ட மனைக்கட்டு கொல்லையில் கிடந்த அந்தத் துவைகல் மட்டும்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம், ஒன்றும் செய்யாமல், யார் கண்ணிலும் படாமல் அதில் உட்கார வேண்டும்.

“என்ன யோசனை?” என்று அவளைக் கேட்காதவர் ஊரிலேயே இராஜாங்கம் ஒருவர்தான். அந்த மட்டுக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொள்வாள்.

கரையோரமாக மருதாணி வைத்தாள். இடுப்பு உயரம் வந்ததும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கொல்லைக்குள் இருந்தார்கள். இலையை உருவிக்கொண்டே, “என்ன அத்தை, யோசனையா இருக்கீங்க?” என்றார்கள். ஹமீதா பானு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு சாக்கு போயிற்று. மிச்சம் குச்சிதான்.

ஆடாதொடை வைத்தாள். ஆடு தொடவில்லை. ஐப்பசி மழையில் ஊரே இருமியது; மனிதர்கள் தொட்டார்கள். இருமலுக்கு நடுவிலும் விசாரித்தார்கள்.

செம்பருத்தி வைத்தாள். அது பூத்த அன்று வாசலை விட்டு இராஜாங்கமே கொல்லைக்கு வந்துவிட்டார்.

“என்ன இது, வேலி பூரா செவப்பு? கம்யூனிஸ்ட்காரன் கொடி ஏத்த வரலாமான்னு கேக்குறான். நம்ம ஆளுங்க மொறைக்கிறாங்க.”

“பூவுங்க.”

“பூவுன்னு நமக்குத் தெரியும். கட்சிக்குத் தெரியுமா?”

“நடுநடுவுல கறுப்பாப் பூக்கச் சொல்லவா?”

அவர் துவைகல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலுக்கே போய்விட்டார். அவள் செம்பருத்தியைப் பிடுங்கிப் போட்டாள்.

கடைசியில் தலையாரி வேம்பு வழி சொன்னான்.

“நெய்வேலிக் காட்டாமணக்கு வைங்க அண்ணி. வாய்க்காலை அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. மாடு திங்காது, மருந்துக்கு ஆகாது, அடுப்புல வெச்சா வெறும் புகை. ஒருத்தன் கிட்ட வரமாட்டான்.”

“பூ என்ன நிறம்?”

“ஒரு மாதிரி ஊதா. எந்தக் கட்சியிலயும் இல்ல.”

அடுத்த தை பிறப்பதற்குள் அது ஆள் உயரத்தைத் தாண்டி அடர்ந்துவிட்டது. அம்சவல்லி காலை நீட்டி உட்கார்ந்தாள். கரையில் பேச்சுக்குரல்கள் போயின; ஒன்றும் நிற்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான், யோசிக்கத் தன்னிடம் எதுவுமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் கேட்டுக் கேட்டு, உள்ளே ஏதோ பெரிதாக இருப்பதாக அவளும் நம்பியிருந்தாள். இல்லை என்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அறுவடை முடிந்திருந்தது. பதுக்கல் நெல்லைத் தேடித் தாலுகா ஆபீஸ்காரர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். இராஜாங்கம் கும்பகோணம் போயிருந்த ஒரு மத்தியானம், வேலியைப் பிளந்துகொண்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் மண்வெட்டியோடு வேம்பு. அவனுக்குப் பின்னால் ஊர்.

“நெல்லு எங்கம்மா?”

“உள்ள குதிருல இருக்குங்க.”

“அது கணக்குல வந்தாச்சு. இங்க பதுக்கினது?”

“இங்க நான் மட்டும்தாங்க இருக்கேன்.”

“பின்ன இத்தாம் பெரிய வேலி எதுக்கு?”

“சும்மா உக்காரங்க.”

அவர் ஊரைத் திரும்பிப் பார்த்தார். “சும்மா உக்காரவாம்!”

ஊர் சிரித்தது.

“உக்காந்து என்ன யோசிப்பீங்க?”

“ஒண்ணும் யோசிக்கிறதில்லைங்க. சத்தியமா.”

அந்தப் பதில்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. துவைகல்லைப் புரட்டச் சொன்னார். அடியில் மண்புழுக்கள். சுற்றிலும் தோண்டச் சொன்னார். கூடமாட உதவிக்கு ஊரே இறங்கியது. காட்டாமணக்கு வேரோடு சாய்ந்தது. நெல் ஒரு மணிகூட அகப்படவில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

துவைகல் குழிக்குள் தலைகீழாகக் கிடந்தது. கரையில் போனவர்களுக்கெல்லாம் அம்சவல்லி பளிச்சென்று தெரிந்தாள்.

“கட்சிக்காரர் வீட்டுலயே வந்து தோண்டுற அளவுக்கு எவன் போட்டுக்கொடுத்தது, வேம்பு? பண்ணையார் ஆளா? கம்யூனிஸ்டா?” என்று அம்சவல்லி கேட்டாள்.

வேம்பு மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை நிதானமாக வழித்தான்.

“அண்ணன்தான் அண்ணி. இன்ஸ்பெக்டர்கிட்ட, ‘அங்க உக்காந்து அவ என்ன யோசிக்கிறான்னு கேக்க எனக்குப் பயமா இருக்கு, நெல்லு கில்லுன்னு சொல்லி நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க’ன்னாரு.”