நாரைக் காவல்

விடிந்ததிலிருந்து நாரை அசையவே இல்லை.

ஏரிக்கரையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவனும் அசையவில்லை. ஆனால் நிமிஷத்துக்கு ஒருதரம் நாரை அங்கேதான் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் இளைஞர் பசுமைப் படையில் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட இருப்பவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பதட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தக் காவல் இன்று காலைதான் பதட்டத்தின் தலையில் விழுந்தது. வழக்கமாக வருகிறவனுக்குக் காய்ச்சல். ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்ட அதிகாரி மேடம் சொன்னது இவ்வளவுதான்: நாரையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி யாரும் போகக் கூடாது, நீயும்தான், நாரைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இந்த ஏரியை விட்டுப் போன நாரைகளைத் திரும்ப வரவழைக்கும் திட்டம் அது. இதுவரை நிற்பது இந்த ஒன்றுதான்.

மாதக் கடைசியில் மேடம் எழுதும் அறிக்கை அவன் வேலையை நிரந்தரமாக்கும். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பும். வீடு என்றால் அக்கா வீடு. அக்கா புருஷன் நல்லவர்தான். சோறு போட்டுவிட்டுத்தான் கேட்பார், “கொக்கு பாக்கறதுக்கெல்லாமா மாப்ளே சம்பளம் குடுக்கறாங்க?” அக்கா மட்டும் அவன் பக்கம் நின்று, “நாரைங்க அது” என்று திருத்துவாள்.

வெயில் ஏறியது. நாரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேடத்துக்குப் போன் போட்டான். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

“மேடம், அது காலைலேருந்து ஒண்ணுமே சாப்பிடல.”

“அது சாப்பிடாது. நீ சாப்பிடு,” என்று வைத்துவிட்டார்.

பெரிய பதவிக்குப் போனால் மனசு இப்படியா கல்லாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். அக்கா வைத்திருந்த மீன் துண்டை எடுத்து, கயிற்றைத் தாண்டாமல், நாரையின் காலடியில் விழும்படி வீசினான்.

நாரை குனியவில்லை. காக்கைகள் குனிந்தன. ஒன்று சாவகாசமாக நாரையின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து அலகைத் தேய்த்தது. எதிர்த்துக் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் நாரை நின்றது. பதட்டம் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக் கத்தினான். காக்கைகள் பறந்துவிட்டன, ஆனால் இங்கே என்ன கூச்சல் என்று பார்க்க ஒரு நாய் வந்தது. மீன் வாசனை பிடித்து நேரே கயிற்றுக்கு அடியில் நுழைந்தது.

அவனால் தாண்ட முடியாது. மிரட்டினான், கெஞ்சினான், ‘ராஜா, கண்ணு’ என்றுகூடக் கூப்பிட்டான். நாய் மீனைத் தின்று முடித்துவிட்டு நாரையின் காலை முகர்ந்தது. கையில் அகப்பட்ட மண்கட்டியை எடுத்து நாயைக் குறிபார்த்து எறிந்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் குறி அப்படித்தான். நாரையின் தலை கழன்று சேற்றில் விழுந்தது.

உடம்பு விழவில்லை. அதிர்ச்சியில் அப்படியே நின்றது. நாய் அந்தத் தலையை ஒருதரம் முகர்ந்து பார்த்தது, அவனையும் ஒருதரம் பார்த்தது, போய்விட்டது.

நாய் கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அப்புறம் அந்த நாயைத் தேடிப் பிடித்துக்கொண்டு போவார்களே? மீனுக்கு ஆசைப்பட்டதைத் தவிர அது என்ன பாவம் செய்தது? மறுபடி மேடத்தைக் கூப்பிட்டான்.

“மேடம், நான்தான் மேடம் கட்டி எறிஞ்சேன். தலை போயிடுச்சு. என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “அங்கேயே இரு. டிரைவரை அனுப்பறேன்.”

டிரைவர் எதற்கு? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகத்தான். உள்ளே போவதற்குமுன் அக்காவுக்கு ஏதாவது செய்தி அனுப்ப வேண்டும். ரொம்ப நேரம் யோசித்து, ‘சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா’ என்று மட்டும் அனுப்பினான்.

ஜீப் வந்தது. டிரைவர் இறங்கி, கயிற்றை அலட்சியமாகத் தாண்டிப் போய், சேற்றில் கிடந்த தலையை எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றவனின் தோளைத் தட்டினார்.

“இதுக்கா தம்பி அழறே? நெசமான நாரைங்க வந்து எறங்கட்டும்னு ஆசைகாட்ட வெச்ச பொம்மைதானே இது; இந்த வருஷத்துல மூணாவது தலை, ஜீப்புல பசை இருக்கு, போய் எடுத்துட்டு வா.”