மேலாளர் தலையில் ஒரு புள்ளி

"வாட்ச்மேன் தலையில அத்தனை புள்ளி! எனக்கு ஒண்ணுகூட இல்லையா?" என்று குதித்தார் மேலாளர்.

கூரையில் தொங்கிய கேமரா கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அது திரையில் காட்டும் படத்தில் முனை, மூலை, கீறல் என்று எது தனித்துத் தெரிந்தாலும் அங்கே பச்சைப் புள்ளி வைக்கும் சர்க்யூட், இன்ஜினியர் ஒரு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்தது. வாட்ச்மேனின் பரட்டைத் தலைக்குப் புள்ளிகளை வாரி இறைத்தது. மேலாளரின் வழுக்கையைக் கண்டுகொள்ளவே இல்லை.

"சார், அதுக்கு ஏதாவது முனை வேணும். உங்க தலை வழவழன்னு..."

"என் தலைமேலயே கை வைக்கிறியா? நாளைக்கு இந்த மிஷினை வாங்க வர்ற அம்மா முன்னாடி இப்படி ஆச்சு, உனக்கு வேலை கிடையாது!"

"அவங்களுக்கு எதுக்கு சார் இது? மேலேருந்து பாக்கற மாதிரி ஏன் கேட்டாங்க?"

"வாங்க வர்றவங்களை யாராவது கேள்வி கேப்பாங்களா?"

இன்ஜினியர் சர்க்யூட்டின் உணர்திறனைக் கூட்டிப் பார்த்தார். தரையில் கிடந்த தூசியெல்லாம் புள்ளி வாங்கியது.

"குப்பைக்கு இருக்கு, எனக்கு இல்லையா?"

இன்ஜினியர் பெரிய விளக்கைப் போட்டார். இருந்த ஒன்றிரண்டு சுருக்கமும் வெளிச்சத்தில் மறைந்து, தலை இன்னும் பளபளத்தது. மேலாளர் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் வெளியே ஓடிவிட்டார்.

கடைசியில், மேலாளர் நிற்கும் இடத்தில் எது வந்தாலும் புள்ளி விழும்படி சர்க்யூட்டில் ஒரு கம்பியைப் பற்றவைத்தார் இன்ஜினியர். ஒரு வருட உழைப்பின் மேல் தானே மண்ணை அள்ளிப் போடுகிறோமே என்று மனம் கொதித்தது.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். மேலாளர் பெருமையாகப் போய் நின்றார். தலை நிறையப் புள்ளி.

அம்மாவின் முகம் சுருங்கியது. மேலாளரை நகரச் சொல்லி, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வைத்தார். அதன் மேலும் புள்ளிகள் கொட்டின.

"நல்ல முட்டைய விரிசல்னு சொல்லுதே! இதை வச்சு என் பண்ணையில எப்படித் தரம் பிரிக்கறது?" என்று பையை மூடினார்.

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா! நேத்து வரைக்கும் இவர் தலையில ஒரு புள்ளிகூட விழலம்மா!"

அந்த அம்மா மேலாளரின் தலையை ஆசையாகப் பார்த்தார்.

"அடப் பாவமே! நேத்தே கூப்பிட்டிருந்தா, இந்தத் தலைய நம்பியே பத்து மிஷின் வாங்கியிருப்பேனே!"