பணியாரக் குழியில் சந்தனம்

நான் கடவுளைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் பதவி உயர்வு பறிபோனதில் அவருக்கும் பங்குண்டு என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். (அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்ற தைரியம்தான்.)

மலேசியாவில், கூலாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் புதிதாக லேசர் இயந்திரம் வந்தது. இரும்புத் தண்டின் மேல் கண்ணுக்கே தெரியாத ஆயிரக்கணக்கான குழிகளைப் போடும். குழிகளில் எண்ணெய் தங்கும். தண்டு சுழலும்போது உராய்வு குறையும். வழவழ இரும்பைவிடக் குழி விழுந்த இரும்பு நன்றாக வழுக்கும் என்றால் யார் நம்புவார்கள்? "பணியாரக் கல்லு மாதிரி லா, குழிக்குக் குழி எண்ணெய்" என்று நான்தான் எல்லோருக்கும் புரியவைத்தேன். சிங்கப்பூர் வாடிக்கையாளர் முன்னால் சோதனை நல்லபடியாக முடிந்தால் லேசர் பகுதிக்கு நீங்கள்தான் லீடர் என்று எஞ்சினியர் ஷீலா சொல்லியிருந்தார். என் மனைவி கலா அதை அன்றே எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

சோதனைக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. ஃபோர்க்லிஃப்ட் முதல் கடைசல் இயந்திரம் வரை பொட்டு வைப்பது பல வருடமாக என் பொறுப்பு. எதுவும் இதுவரை புகார் செய்ததில்லை. லேசர் இயந்திரத்தில் மட்டும் 'தொடாதே' என்று மலாயில் போர்டு மாட்டியிருந்தார்கள். நான் சட்டத்தை மதிப்பவன், தொடவில்லை. பக்கத்தில், மறுநாள் சோதனைக்கென்று வைத்திருந்த சாம்பிள் தண்டுக்குச் சந்தனத்தில் மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் துணியால் பளபளவென்று துடைத்தும் வைத்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

மறுநாள் தண்டு சுழன்றது. உராய்வைக் காட்டும் கோடு திரையில் இறங்க வேண்டும். அது ஏறியது. பிறகு தண்டு கிறீச்சிட்டது. வாடிக்கையாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எண்ணெய் சரியில்ல! மட்டமான எண்ணெய்ய வாங்கிட்டு வந்து எங்க உயிர வாங்குறாங்க!" என்று நான் குதித்தேன்.

ஷீலா மூக்கை உறிஞ்சினார். "அண்ணே, என்ன இது, கோயில் வாசனை வருது?"

சூடேறிய தண்டு கமகமத்துக்கொண்டிருந்தது.

"அலமாக்! தண்டுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"தொடச்சிட்டேன்மா!"

"மேல தொடச்சீங்க. குழிக்குள்ள? பணியாரக் கல்லுன்னு ஊருக்கே பாடம் எடுத்தீங்களே, குழி பூரா சந்தனத்த அடச்சு வச்சா எண்ணெய் எங்கண்ணே போய் உட்காரும்?"

ஆனால் நியாயம் என் பக்கம்தான். இயந்திரத்தைத் தொடாதே என்று எழுதியவர்கள் தண்டைத் தொடாதே என்று எழுதினார்களா? இந்தக் கேள்வியை மேலிடம் வரை கொண்டுபோனேன். பலன் கிடைத்தது: லீடர் பதவி வேறொருவருக்கு, எனக்குத் தமிழில் ஒரு புது போர்டு. 'தண்டுக்குப் பொட்டு வைக்காதீர்.' தொழிற்சாலையிலேயே தமிழில் இருக்கும் ஒரே போர்டு அதுதான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? குளியலறை வழுக்கினால் போதும், கலா உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்:

"என்னங்க, கொஞ்சம் சந்தனம் கொண்டாங்க. உங்க கைராசிக்கு இனிமே யாருமே வழுக்கி விழ மாட்டாங்க!"