நாலடி நீட்டிய மாடி

பக்கத்து வீட்டைப் பார்த்து வீடு கட்டுகிறவருக்கு அந்த வீட்டில் தூக்கம் வராது. எனக்கு வருவதில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. என் ஓரகத்தி பொன்னி அடுத்த மனையில் மாடி கட்டி, முகப்பை இரண்டடி வெளியே நீட்டியிருந்தாள். மேஸ்திரி அதை ‘புரொஜக்சன்’ என்றார். பேரே இங்கிலீசில் இருந்தால் நமக்கும் வேண்டாமா?

“எனக்கு நாலடி போடுங்க.”

“ஏனுங்கம்மா, அது வண்டித்தடத்து மேல வருமுங்க.”

“தடம் கீழதான இருக்குது? நான் மேலதான நீட்டறேன்?” (எப்பேர்ப்பட்ட மூளை!)

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தமெல்லாம் மாடியை அண்ணாந்து பார்த்தது. நானும் கழுத்து வலிக்கப் பார்த்தேன். அப்போதுதான் எங்கள் வயலுக்கு நெல் அறுக்கும் மெஷின் வந்தது. இருப்பது ஒரே தடம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் என் வீடு. மெஷினின் கூரை மாடியில் முட்டி நின்றது.

“இடிச்சாத்தான் போவுமுங்க,” என்றான் டிரைவர்.

“எதை?”

“ஊட்டைத்தானுங்க. மெஷினை இடிச்சா ஓனர் உடமாட்டாருங்க.”

பந்தியே சிரித்தது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலில் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது; எங்களுக்கு அந்த வருசச் சோறு அது. என் வீட்டுக்காரர் காதருகே வந்தார்.

“பொன்னி வயல் அறுத்துக் கெடக்குது. அது வழியா எறக்கிக்கலாம். ஒரு வார்த்தை கேளு புள்ள.”

“அவகிட்டயா? நெல்லு போனாப் போவட்டும்.”

போயிற்று. மெஷின் திரும்பிப் போனது; விடாமல் மழை அடித்தது; கதிரெல்லாம் சேற்றில் படுத்து முளைவிட்டது. அந்த வருசம் முழுக்க ரேசன் அரிசி. (வந்தவர்களுக்கு மாடியை மட்டும் காட்டினேன்.)

மழை விட்டதும் பொன்னி வரப்பில் வந்து நின்றாள். “கேட்டிருந்தா உட்டிருப்பனேக்கா,” என்றாள். அன்று பந்தியில் பாயாசம் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருந்தவள்தான்.

இப்போது ஒவ்வோர் அறுப்புக்கும் அவள் வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள்: “அக்கா, வழி வேணுங்களா?” என் பேத்திகள் வரை சிரிக்கிறார்கள்.

‘வேணும்’ என்ற சொல் இதுவரை என் வாயில் வந்ததில்லை. டிரைவர்தான் சொல்கிறான்.